உஹதுக்குப் பிறகும் கலந்தாலோசனை: வணிகத் தலைமைக்கு ஒரு வரலாற்றுப் பாடம்

நம் குடும்ப வணிகங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கடை வாப்பாவுடையது. மூத்த மகன் கல்லாவில் அமர்ந்திருக்கிறார். படிப்பை முடித்துவிட்டு வந்த இளையவர், பக்கத்து நகரில் ஒரு கிளை திறக்கலாம் என்கிறார். வாப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. ஆயினும் பிள்ளைகளும் மருமகனும் ஒருமுகமாக வலியுறுத்தவே, அவர் இசைகிறார். கிளை திறக்கப்படுகிறது. ஈராண்டுக்குள் நட்டம் வந்து பூட்டப்படுகிறது. அன்று முதல் அந்த வீட்டில் ஒரு வாக்கியம் குடிபுகுந்து விடுகிறது: “நான் அப்பவே சொன்னேன்.”

அதற்குப் பிறகு வாப்பா யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பிள்ளைகளும் எதையும் சொல்வதில்லை. நட்டமான பணம் சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிடக் கூடும். ஆனால் நின்றுபோன பேச்சு எளிதில் திரும்புவதில்லை. நம்மிடையே பல கூட்டு வணிகங்கள் உடைவதற்கு அந்த முதல் நட்டத்தைவிட, அதற்குப் பின் வந்த மௌனமே பெரிய காரணமாக இருந்திருக்கிறது.

பலரையும் கேட்டு எடுத்த முடிவு இழப்பில் முடிந்தால் தலைவர் என்ன செய்ய வேண்டும்? நிர்வாகவியல் நூல்கள் இன்று விரிவாக ஆராயும் இக்கேள்விக்கு, ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் உஹது மலையடிவாரத்தில் ஒரு விடை எழுதப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் வாழ்வை வணிக உத்திகளின் தொகுப்பாகச் சுருக்குவது நம் நோக்கமன்று. தொழுகையில் அவர்களைப் பின்பற்றும் நாம், கடையிலும் கணக்கிலும் கூட்டாளிகளிடத்திலும் பின்பற்றுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே நோக்கம்.

முடிவெடுத்த விதம்

பத்ருப் போரில் கண்ட பேரிழப்புக்குப் பழிவாங்க, குறைஷியர் அபூ ஸுஃப்யான் தலைமையில் சுமார் 3,000 பேர் கொண்ட படையுடன் மதீனாவை நோக்கி வந்தனர். அது ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம், கி.பி. 625. செய்தி அறிந்ததும் நபி (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். நகருக்குள்ளேயே இருந்து எதிரியை எதிர்கொள்வது நல்லது என்பதே அவர்களுடைய கருத்தாக இருந்தது. மதீனாவின் குறுகிய தெருக்களும் வீட்டுக் கூரைகளும் உள்ளிருப்போருக்கு அரணாக அமையும். நயவஞ்சகர்களின் தலைவனான அப்துல்லாஹ் இப்னு உபையும் இதே கருத்தையே சொன்னான்.

ஆனால் பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்திருந்த இளைஞர்கள், வெளியே சென்று போரிட வேண்டும் என்று ஆர்வத்துடன் வலியுறுத்தினார்கள். பலரும் அவர்கள் பக்கம் சாய்ந்தனர். நபி (ஸல்) அவர்கள் தம் கருத்தை விட்டுக்கொடுத்து, வீட்டுக்குள் சென்று போர்க்கவசம் அணிந்து வெளியே வந்தார்கள்.

அதற்குள் மக்களிடம் வருத்தம் தோன்றியிருந்தது. அல்லாஹ்வின் தூதரை அவர்கள் விரும்பாத ஒன்றுக்கு நிர்ப்பந்தித்து விட்டோமே என்று கலங்கினார்கள். தங்கள் விருப்பப்படியே நகருக்குள் இருந்துவிடலாம் என்று முறையிட்டார்கள். கவசம் அணிந்த ஒரு நபி, அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை அதைக் கழற்றுவது தகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மறுமொழி கூறினார்கள். கேட்க வேண்டிய நேரத்தில் முழுமையாகக் கேட்டார்கள். முடிவெடுத்த பின், ஒவ்வொரு மனக்கலக்கத்துக்கும் ஏற்ப அதை மாற்றிக்கொண்டிருக்கவில்லை.

ஒரே கருத்து, இரு நடத்தைகள்

சுமார் 1,000 பேருடன் படை புறப்பட்டது. வழியில் இப்னு உபை ஏறத்தாழ 300 பேருடன் திரும்பிப் போனான். தன் சொல்லைக் கேளாமல் இளைஞர்களின் சொல்லைக் கேட்டுவிட்டார்கள் என்பது அவன் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நகருக்குள் இருக்க வேண்டும் என்பதில் நபி (ஸல்) அவர்களின் கருத்தும் இப்னு உபையின் கருத்தும் ஒன்றே. இரண்டுமே ஏற்கப்படவில்லை. ஒருவன் கோபித்துக்கொண்டு திரும்பினான். மற்றவரோ, தம் கருத்துக்கு மாறான முடிவைத் தம் சொந்த முடிவாகவே ஏற்று, அதை வெற்றிபெறச் செய்ய முன்னணியில் நின்றார்கள். கருத்து வேறுபாட்டைத் தயங்காமல் சொல்ல வேண்டும், முடிவான பின் முழுமனதுடன் துணைநிற்க வேண்டும் என்பதை அமேசான் நிறுவனம் தன் தலைமைக் கோட்பாடுகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. நம் கூட்டுக் கடைகளில் எத்தனை பேர், தம் சொல் எடுபடாத நாளிலிருந்து கடைக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்? “அவர் முடிவுதானே, அவரே பார்த்துக்கொள்ளட்டும்” என்று ஒதுங்கி நிற்பது, ஆயுதம் ஏந்தாமல் திரும்பிப் போவதைப் போன்றதே.

இழப்பு எங்கே நேர்ந்தது?

எஞ்சிய 700 பேருடன் நபி (ஸல்) அவர்கள் உஹதை முதுகுப்புறமாக வைத்து அணிவகுத்தார்கள். பக்கவாட்டில் இருந்த சிறு குன்றின்மீது 50 வில்லாளிகளை அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் நிறுத்தினார்கள். பறவைகள் தங்களைக் கொத்திச் செல்வதைக் கண்டாலும் ஆளனுப்பும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். இதைவிடத் தெளிவான உத்தரவு இருக்க முடியாது.

போரின் தொடக்கம் முஸ்லிம்களுக்கே சாதகமாக இருந்தது. குறைஷியரின் அணிகள் சிதறின. போர் முடிந்துவிட்டது என்று எண்ணிய வில்லாளிகளில் பெரும்பாலோர், தளபதி நினைவூட்டியும் கேளாமல், கனீமத் பொருள்களைச் சேகரிக்க இறங்கினார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜுபைரும் (ரலி) மிகச் சிலருமே அங்கு எஞ்சினர். அப்போது குறைஷியர் தரப்பில் இருந்த காலித் இப்னு வலீத், குதிரைப் படையுடன் பின்புறமாகச் சுற்றி வந்து தாக்கினார். வெற்றி கைநழுவியது. ஹம்ஸா (ரலி), முஸ்அப் இப்னு உமைர் (ரலி) உள்ளிட்ட சுமார் 70 தோழர்கள் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் காயப்பட்டது; பல் உடைந்தது. அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற வதந்தியும் பரவியது.

அன்று மாலை மதீனாவில் குற்றம் சாட்டுவதற்குத் தயாரான ஒரு வாதம் இருந்தது: நகருக்குள்ளேயே இருந்திருந்தால் இவையெல்லாம் நேர்ந்திருக்காது என்பது. நயவஞ்சகர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 168ஆம் வசனம் அவர்களுடைய அந்தப் பேச்சைப் பதிவு செய்து மறுக்கிறது.

அந்த அத்தியாயத்தின் 121ஆம் வசனத்திலிருந்து உஹதைப் பற்றிய நீண்ட ஆய்வு தொடங்குகிறது. வெளியே சென்று போரிட்டதுதான் காரணம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. 152ஆம் வசனம் நிகழ்வை வரிசைப்படுத்துகிறது: முதலில் அல்லாஹ்வின் வாக்கு நிறைவேறியது, பிறகு தளர்வு வந்தது, கட்டளையில் பிணக்கு வந்தது, விரும்பியது கண்ணில் பட்டதும் கீழ்ப்படியாமை வந்தது. பிழை, முடிவை நிறைவேற்றிய விதத்தில் இருந்தது. ஆலோசனை செய்ததைக் குர்ஆன் பிழையாகச் சுட்டவில்லை.

வணிகத்தில் நாம் தவறவிடும் வேறுபாடு இதுதான். கிளை நட்டமடைந்தால், கிளை திறந்ததே தவறு என்று உடனே தீர்ப்பளிக்கிறோம். இடத்தேர்வு தவறா, வாடகை ஒப்பந்தம் தவறா, கடன் கொடுத்து வசூலிக்காமல் விட்டதா, சரக்கு இருப்பைக் கவனிக்காததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நல்ல முடிவும் சில நேரம் நட்டத்தில் முடியும். மோசமான முடிவும் சில நேரம் இலாபம் தரும். விளைவை மட்டும் வைத்து முடிவை எடைபோட்டால், இரண்டிலிருந்தும் நாம் தவறான பாடத்தையே கற்போம்.

நம் ஃபிக்ஹ் சட்டம் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தது. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்கும் முளாரபா ஒப்பந்தத்தில், உழைப்பவரின் கவனக்குறைவோ ஒப்பந்த மீறலோ இன்றி நட்டம் வந்தால், பண இழப்பு முதல் போட்டவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். மீறலோ கவனக்குறைவோ இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாகிறார். நட்டம் வந்துவிட்டது என்பதே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடாது.

159ஆம் வசனம்

இந்த ஆய்வின் நடுவே, காயங்கள் ஆறாத அந்த வேளையில், 159ஆம் வசனம் வருகிறது. அதன் கருத்தின் வரிசையைக் கவனியுங்கள். அல்லாஹ்வின் அருளால் நபி (ஸல்) அவர்கள் அம்மக்களிடம் மென்மையாக நடந்துகொண்டார்கள் என்று அது தொடங்குகிறது. கடுமையும் கல்நெஞ்சும் இருந்திருந்தால் அவர்கள் விலகிப் போயிருப்பார்கள் என்கிறது. அவர்களை மன்னிக்குமாறும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோருமாறும், காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிக்குமாறும் கட்டளையிடுகிறது. உறுதி கொண்டுவிட்டால் அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்குமாறு கூறி முடிகிறது.

யாருடன் ஆலோசிக்கச் சொல்லப்படுகிறது? வெளியே செல்ல வேண்டும் என்று வற்புறுத்தியவர்களும், களத்தில் தளர்ந்தவர்களும், குன்றை விட்டு இறங்கியவர்களும் அடங்கிய அதே சமூகத்துடன்தான். மேலும், மன்னிப்பு முதலில் வருகிறது. ஆலோசனை அதற்குப் பின் வருகிறது. மன்னிக்கப்படாத மனிதரிடம் கேட்கும் ஆலோசனை பயனற்றது. அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். தம்மைக் காத்துக்கொள்ளும் சொல்லையே சொல்வார்.

மன்னிப்பு என்பது பிழையை மூடிமறைப்பதும் அன்று. இந்த இழப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, அது உங்களிடமிருந்தே வந்தது என்று 165ஆம் வசனம் நேரடியாகச் சொல்கிறது. பிழை பெயரிட்டுச் சொல்லப்பட்டது. பிழைசெய்தவர்களின் பெயர்கள் சொல்லப்படவில்லை. குன்றிலிருந்து இறங்கிய ஒருவருடைய பெயரைக்கூடக் குர்ஆன் குறிப்பிடவில்லை.

இன்றைய நிர்வாகவியல் சொல்வது

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். சிறப்பாகச் செயல்படும் குழுக்களில் மருந்து தொடர்பான பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கிடைத்த புள்ளிவிவரமோ தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறவில்லை. தவறியதை அஞ்சாமல் சொன்னார்கள். மற்ற குழுக்களில் பிழைகள் மறைக்கப்பட்டன. அச்சமின்றிப் பேசக்கூடிய சூழலே ஒரு குழு கற்றுக்கொள்வதற்கான அடிப்படை என்ற அவருடைய கருத்து, இன்று நிர்வாகக் கல்வியில் முக்கிய இடம் பெற்றிருக்கிறது.

டொயோட்டா தொழிற்சாலையில், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவிக்கு அழைக்கலாம். சிக்கல் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். அமெரிக்க இராணுவத்தில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அனைவரும் அமர்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவார்கள்: என்ன திட்டமிட்டோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? அடுத்த முறை என்ன செய்வோம்? அங்கே பதவியைப் பாராமல் பேசலாம்.

நம் கடைகளில் ஒரு பையன் தவறான விலைக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் முன்னிலையில் அவனைத் திட்டுகிறோம். அடுத்த முறை அவன் தவறாமல் இருக்கிறானோ இல்லையோ, சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறான்.

மறுநாளே அதே மனிதர்கள்

உஹதுக்கு மறுநாள், குறைஷியர் மீண்டும் திரும்பித் தாக்கலாம் என்ற நிலையில், நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் பின்தொடர்ந்து செல்ல அழைப்பு விடுத்தார்கள். முந்தின நாள் களத்தில் நின்றவர்கள் மட்டுமே வர வேண்டும் என்று அறிவித்தார்கள். சகோதரிகளைக் கவனித்துக்கொள்ளத் தந்தையால் வீட்டில் நிறுத்தப்பட்டு, அத்தந்தையை உஹதில் பறிகொடுத்திருந்த ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள். காயம்பட்ட அந்தத் தோழர்களே, மதீனாவிலிருந்து ஏறத்தாழ எட்டு மைல் தொலைவில் உள்ள ஹம்ராவுல் அஸத் வரை நடந்தார்கள். குறைஷியர் திரும்பித் தாக்கவில்லை. காயம்பட்ட பின்னும் அழைப்புக்குப் பதிலளித்தவர்களை 172ஆம் வசனம் புகழ்கிறது.

புதிய படை திரட்டப்படவில்லை. நேற்றுத் தவறியவர்களுக்கே இன்று பொறுப்பு தரப்பட்டது. ஒருவரை மன்னித்தோம் என்பதற்குச் சொல் சான்றாகாது. அவர் கையில் அடுத்த வேலையைக் கொடுப்பதே சான்று.

ஈராண்டு கழித்துக் கிடைத்த பலன்

ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) சுமார் 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை நோக்கி வந்தது. உஹதுக்குப் பின் ஆலோசனை நிறுத்தப்பட்டிருந்தால், அன்று யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் மீண்டும் ஆலோசனை நடந்தது. பாரசீகத்தில் பிறந்தவரும், அடிமைத்தளையில் இருந்ததால் பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ள இயலாதவருமான ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி), அரபியருக்குப் பழக்கமில்லாத அகழி தோண்டும் முறையைச் சொன்னார்கள். அது ஏற்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள்.

முற்றுகை நீண்டபோது, மதீனாவின் பேரீச்சை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து கத்ஃபான் குலத்தாரைப் பிரித்துவிடலாமா என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். ஸஅத் இப்னு முஆத் (ரலி), ஸஅத் இப்னு உபாதா (ரலி) ஆகிய இரு அன்ஸாரித் தலைவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா, அல்லது எங்கள்மீதுள்ள பரிவால் செய்வதா என்று அவர்கள் வினவினார்கள். பரிவால்தான் என்றறிந்ததும், பணிவுடனும் உறுதியுடனும் மறுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். தலைவரின் யோசனையை அவர் முகத்துக்கு நேரே மறுக்க முடிந்த அந்தத் துணிவு, உஹதுக்குப் பின்னும் அணையாமல் காக்கப்பட்ட ஒன்று.

அடுத்த ஆண்டு ஹுதைபிய்யாவில், உடன்படிக்கையால் மனமுடைந்த தோழர்கள் பலியிடவும் தலைமுடி களையவும் எழாமல் இருந்தபோது, வழி சொன்னவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி). யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் செய்யுங்கள் என்பது அவர்களுடைய ஆலோசனை. நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே செய்ய, தோழர்கள் எழுந்து பின்பற்றினார்கள். வணிகத்துக்கு முதல் தேவைப்படும்போது மனைவியின் நகை நம் நினைவுக்கு வருகிறது. முடிவெடுக்கும்போது அவருடைய கருத்து வருகிறதா?

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பெரியவர் கடைசியில் பேசட்டும். வாப்பா தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால், அதன்பின் வீட்டில் கிடைப்பது ஆமோதிப்பு மட்டுமே. வயதில் இளையவரையும் கடையில் நின்று வாடிக்கையாளரைச் சந்திப்பவரையும் முதலில் பேசவிட வேண்டும்.

இரண்டாவதாக, எழுதிக்கொள்ள வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம். அதே ஒழுக்கத்தை முக்கிய முடிவுகளுக்கும் கடைப்பிடிக்கலாம்: என்ன முடிவு, என்ன காரணம், எவ்வளவு இழப்பு வரை தாங்குவோம், யார் பொறுப்பு. எழுதிய தாள் இருந்தால் “நான் அப்பவே சொன்னேன்” என்ற வாக்கியத்துக்கு இடமே இராது.

மூன்றாவதாக, நட்டம் வந்தால் கோபம் தணிந்த பின் அமர்ந்து, பெயர் சொல்லாமல் காரணத்தைத் தேட வேண்டும். முடிவு தவறா, நிறைவேற்றம் தவறா, அல்லது நம் கையில் இல்லாத ஒன்றா என்று பிரிக்க வேண்டும்.

நான்காவதாக, பிழையையும் மோசடியையும் ஒன்றாக்கக் கூடாது. நமக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் கூட்டாளியின் பங்கோ, நம்மிடம் முதல் போட்ட கைம்பெண்ணின் பணமோ அமானிதம். அதில் கைவைத்தவரைப் பெருந்தன்மையின் பெயரால் விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. அதற்குக் கணக்குக் கேட்டே ஆக வேண்டும்.

கலந்தாலோசனையை இறைநம்பிக்கையாளரின் பண்பாகக் கூறும் 42:38 வசனம், அதைத் தொழுகைக்கும் தர்மத்துக்கும் இடையில் வைத்திருக்கிறது. குழந்தையின் பால்குடியை நிறுத்துவதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்துச் செய்யுமாறு 2:233 வசனம் வழிகாட்டுகிறது. வீட்டுக்குள் பழகாத ஒன்று கடையில் திடீரென வந்துவிடாது.

தொடக்கத்தில் சொன்ன அந்த வாப்பா நம்மில் எவராகவும் இருக்கலாம். கிளை மூடப்பட்ட அன்றிரவு அவர் இளைய மகனை அருகில் அழைத்து, “சரி, அடுத்து என்ன செய்யலாம் என்று நீ நினைக்கிறாய்?” என்று கேட்டால் போதும். அந்த வீட்டின் வணிகம் அன்றே பிழைத்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

நம் வணிகங்களில் பரக்கத்தையும், நம் சொற்களில் மென்மையையும், நம் உள்ளங்களில் மன்னிக்கும் விரிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.